நான் ஒளித்துவைத்த கருந்துளை

எனக்கு வாய் நீளம். நானாகச் சொல்லவில்லை. என் மாமியார் சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார், அலுவலக லிஃப்டில் கூட ஏறுகிறவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னைப் பிடித்துத்தான் எங்கள் ஆய்வகத்தில் ரகசியம் காக்கும் வேலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதுவும் சாதாரண ரகசியம் இல்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அது பொய் என்று மூச்சு விடாமல் இருக்கிற வேலை.

மலை உச்சியில் எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவுக்குப் பெரியது, உள்ளே கும்மிருட்டு. வானத்திலிருந்து காமா கதிர் வந்து காற்றில் மோதினால் துகள்கள் மழை மாதிரிப் பொழியும். அந்த மழை தொட்டிக்குள் இறங்கும்போது தண்ணீர் ஒரு கணம் நீலமாக மின்னும். அடியில் இருக்கும் மின்கண்கள் அந்த மின்னலைப் பிடித்து, கீழே ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும். அந்தத் தரவுக் குவியலுக்குள் ஒரு குழு உட்கார்ந்து, குட்டிக் கருந்துளை ஒன்று சாகும்போது கிளம்பும் வெளிச்சம் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறது.

அப்படி ஒன்றை இதுவரை யாரும் பார்த்ததில்லை. யாரும் பார்க்காத பொருளைத் தேடுவதில் ஒரு தொல்லை உண்டு. ஆசை மிகுந்தால் பார்ப்பதெல்லாம் அதுவாகத் தெரியும். பயம் மிகுந்தால் அதுவே எதிரில் வந்து நின்றாலும் குப்பை என்று தள்ளத் தோன்றும். அதனால் தேடுகிறவர்களைச் சோதிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யாருக்கும் தெரியாமல் தரவுக்குள் ஒரு போலிக் கருந்துளையை ஒளித்துவைக்கலாம், வைக்காமலும் விடலாம். தேடுகிறவர்கள் முடித்துவிட்டு, இனி இதில் கை வைக்க மாட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொன்ன பிறகுதான் அவருடைய பெட்டியைத் திறப்பார்கள். பெட்டி என்றால் கணினியில் பூட்டிய ஒரு கோப்பு. அந்த ஆள் நான்தான். அலுவலகத்தில் எனக்குக் கலப்படக்காரி என்று பெயர்.

தேடும் குழுவில் முக்கியமானவள் என் நாத்தனார். ஒரே வீடு, கீழே நாங்கள், மாடியில் அவள். வேறு யாரையாவது இந்த வேலையில் போடக் கூடாதா என்று குழுத் தலைவியிடம் நானே கேட்டேன். தலைவிக்குப் பட்டப்பெயர் பிரேக். யாராவது சந்தோஷப்பட்டால் உடனே மிதித்துவிடுவார்.

"நீங்க ரெண்டு பேரும் துண்டு காயப்போடுற கொடிக்கே சண்டை போடுறவங்க. அவளுக்கு நீங்க உதவி பண்ணிட்டீங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

உண்மைதான், மறுக்க முடியவில்லை. வீட்டுக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். கண்டுபிடிப்பைப் பற்றி அவள் என்னிடம் பேசக் கூடாது, நானும் வாய் திறக்கக் கூடாது. என் புருவம் அசைந்தால்கூடத் துப்புக் கொடுத்ததாகிவிடும். அப்படித் துப்புக் கொடுத்தது வெளியே தெரிந்தால் அந்த வருடத்துத் தேடல் முழுவதும் வீண். நிஜமாகவே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாலும் உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இந்த வருடம் ஒரே ஒரு போலியைத்தான் ஒளித்துவைத்தேன். பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் ஒரு செருப்பு கூடத்துக்குள் வந்து விழுந்தது.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்தினாள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி கிடைச்சிடுச்சு? மாப்பிள்ளையா?" என்று என் மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அதைவிடப் பெருசும்மா! ஆனா ரொம்பச் சின்னது. அணுவைவிடச் சின்னது."

"எதையாவது ஒண்ணைச் சொல்லு. பெருசா, சின்னதா?"

அவளால் உட்காரவே முடியவில்லை. சட்டப்படி என்னிடம் பேசக் கூடாது, அதனால் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல மெல்லத் தூக்கினாள். "ஏறுது. ஏறுது. இன்னும் ஏறுது…" கை தலைக்கு மேல் போய்விட்டது. "டப்! அணைஞ்சிடுச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. இருட்டு!"

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ஏறிக்கொண்டே போய் உச்சியில் சட்டென்று அணைகிற வெளிச்சம். நான் உட்கார்ந்து செய்த பொருளை அப்படியே கையால் வரைந்து காட்டுகிறாள், பாவி மகள்.

"கருந்துளைன்னா எல்லாத்தையும் முழுங்குமேடி. அது இங்க வந்துடாதே?" என்று மாமியார் தண்ணீர்க் கூஜாவைக் கையில் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"பெருசுதாம்மா முழுங்கும். சின்னது கக்கும்" என்றாள் நாத்தனார். கண்ணெல்லாம் மின்னியது. "ஒரு மலையை அப்படியே நசுக்கி, அணுவோட உள்ளே இருக்கிற கரு இருக்கே, அதுக்குள்ள அடைச்சா எப்படி இருக்கும், அவ்வளவுதான் அது. வாய் அவ்வளவு சின்னதா இருந்தா என்னத்தை முழுங்கும்? பூமிக்குள்ள ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போனாக்கூட எதுவும் அது வாய்ல சிக்காது. ஆனா பக்கத்துல நிக்க முடியாது. ஒரு பெரிய மின் நிலையம் தர்ற அளவு சக்தியைக் கதிரா கக்கிட்டே இருக்கும். கக்கக் கக்க எடை குறையும். எடை குறையக் குறையச் சூடு ஏறும். சூடு ஏற ஏற இன்னும் வேகமாக் கக்கும்."

"பசிக்குதுன்னு தன்னையே தின்னுக்குதா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன். கோடிக்கணக்கான வருஷம் மெதுவாப் போகும். கடைசில பிடி நழுவிடும். கடைசி நொடில மட்டும் லட்சக்கணக்கான ஹைட்ரஜன் குண்டு வெடிச்ச மாதிரி. அதோட முடிஞ்சது."

மாமியார் கூஜாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அது எங்க வெடிச்சுச்சு? எத்தனை தெரு தள்ளி?"

"வெளிச்சமே அங்கேருந்து கிளம்பி இங்க வந்து சேர மாசக்கணக்குல ஆகும்மா. நமக்கு வந்து சேர்ந்ததுல ஒரு டம்ளர் தண்ணிகூடச் சுடாது."

"அப்ப சரி" என்று கூஜாவைக் கீழே வைத்தார்.

என் வீட்டுக்காரர் பல் மருத்துவர். எந்தப் பேச்சையும் வேருக்குக் கொண்டுபோய்விடுவார். "அந்தக் காலேஜ் வேலை என்னாச்சு? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்ல?" என்று தங்கையைக் கேட்டார்.

இங்கேதான் நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். நாத்தனாருக்கு எங்கள் ஆய்வகத்தில் இருப்பது வருடத்துக்கு வருடம் நீட்டிக்கிற வேலை. இந்த வருடத்தோடு அதுவும் முடிகிறது. பெரிதாக எதையாவது கண்டுபிடித்தால்தான் மேலே நீட்டிப்பார்கள். தூரத்து ஊர் ஒன்றில் ஒரு கல்லூரி அவளைக் கூப்பிட்டிருந்தது. நிரந்தர வேலை, குடியிருக்க வீடு, எல்லாம் உண்டு. அப்படி ஒன்று திரும்ப வராது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"இனிமே எதுக்குண்ணா அது? வேண்டாம்னு எழுதிடப் போறேன்" என்றாள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா?" மாமியார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா இவளுக்கு. உனக்கும் அந்த ஆபீஸ்தானே, உனக்குத் தெரியாததா? போறதா, இருக்கிறதா?"

சொல்ல வேண்டியது என் நாக்கு நுனியில் நின்றது. போய்விடு, அந்த வேலையைப் பிடித்துக்கொள், நீ பார்த்தது நான் வைத்த பொம்மை. இதைச் சொல்லக் கூடாது. "யோசிச்சு முடிவு பண்ணு" என்றுகூடச் சொல்லக் கூடாது, அதுவே துப்பு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அவளுக்குப் புத்தி சொல்லலாம், நான் மட்டும் சொல்ல முடியாது.

"எனக்கென்ன தெரியும் அத்தை" என்றேன்.

மேசையில் இருந்த மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் நான் பேசியவற்றில் ஆகச் சிறிய வாக்கியம் அதுதான்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் வீட்டுக்காரர். பாத்திரம் கழுவும்போதும் பின்னாலேயே வந்து நின்றார். "பல்லு ஏதாவது வலிக்குதா? வாயே திறக்க மாட்டேங்குற."

"குழாயை ஒழுங்கா மூடத் தெரியுதா உங்களுக்கு? எப்பப் பாரு சொட்டிக்கிட்டே இருக்கு" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் தங்கையிடம் போய் நிற்பார். அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தின் மேலும் எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது.

அந்த வாரம் முழுவதும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாத்தனார் பாட்டுப் பாடிக்கொண்டே மாடிப்படி இறங்குவாள். கொடியில் என் துண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு நடு இடத்தில் அவள் துண்டைப் போடுவாள். நான் சண்டைக்குப் போகவில்லை. அதற்கே அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். போன தடவையும் இப்படித்தான் ஆனது. குழு முழுவதும் குதித்து, கேக் வெட்டித் தின்ற பிறகுதான் என் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு பேராசிரியர் கையில் கேக்கோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்காவது நிரந்தர வேலை இருந்தது. இவள் இருக்கிற கிளையை வெட்டப் போகிறாள், நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறேன்.

பெட்டியைச் சீக்கிரம் திறக்கச் சொல்லலாம் என்று பிரேக்கின் அறை வாசல்வரை ஒரு நாள் போனேன்.

"என்ன?" என்றார் நிமிர்ந்து பார்த்து.

என்ன அவசரம் என்று கேட்டால் என்ன சொல்வது? அவசரம் என்பதும் துப்புதானே. "ஒண்ணுமில்ல மேடம், ஏசி எங்க ரூம்ல சரியா வேலை செய்யல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். நல்ல வேளையாக, வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறப்போம் என்று அவரே அறிவித்தார். கல்லூரிக்குப் பதில் சொல்ல அன்று சாயங்காலம்வரை நேரம் இருந்தது. காலையில் உண்மை தெரிந்துவிட்டால் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, வருகிறேன் என்று எழுதிவிடுவாள். பிழைத்தோம் என்று அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறைக்கு வெளியே நடைவழியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கூப்பிடும்வரை நான் உள்ளே போகக் கூடாது. நாத்தனார் கைநிறையக் காகிதங்களோடு வந்தாள். என் முன்னால் நின்றாள்.

"அண்ணி, இது வீட்டு விஷயம், அதனால சொல்லலாம். காலேஜுக்குக் காலைலயே எழுதி அனுப்பிட்டேன். வேண்டாம்னு."

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருந்துச்சே!" என்று கத்திவிட்டேன். கத்திய கையோடு வாயைப் பொத்தினேன். நடைவழியின் கோடியில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டாள்.

அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப்போய்க் கதவைத் தட்டலாமா, கல்லூரிக்கு நானே தொலைபேசியில் பேசி, பிள்ளைக்குக் காய்ச்சல், பிதற்றிவிட்டாள் என்று சொல்லலாமா என்றெல்லாம் மனம் ஓடியது. உள்ளே ஒவ்வொரு குரலாகக் கேட்டது. "கை வைக்க மாட்டேன்." "கை வைக்க மாட்டேன்." கடைசியாக அவள் குரல், மற்றவர்களைவிடத் தெளிவாக. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

கடவுச்சொல்லை முதல் முறை தப்பாக அடித்தேன். இரண்டாவது முறையும் தப்பு. "மெதுவா, மெதுவா" என்றார் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். அவரைத் தொட்டிக்காரர் என்போம். அவர் நெற்றியும் வியர்த்திருந்தது. மூன்றாவது முறை கோப்பு திறந்து பெரிய திரையில் விழுந்தது. நான் நாத்தனார் பக்கம் பார்க்கவில்லை. தீர்ப்பு வாசிக்கிற மாதிரித் தலையைக் குனிந்து வாசித்தேன்.

"இந்த வருஷம் வச்சது ஒண்ணு. மூணாம் தேதி, மதியம்…"

அழுகிறாளோ என்று நிமிர்ந்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"மூணாம் தேதியா?" என்றார் தொட்டிக்காரர். "எங்களோடது பதினேழாச்சே."

"எது பதினேழு?" என்றேன்.

"நாங்க பிடிச்சது! பதினேழாம் தேதி! வானத்துல வேற பக்கம்!"

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. பதினேழாம் தேதி நான் ஒன்றும் வைக்கவில்லையே. நான் வைக்காதது எப்படி… அப்போதுதான் அறை முழுக்கச் சத்தம் வெடித்தது. யாரோ நாற்காலியைத் தட்டிவிட்டார்கள். யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள்.

"உட்காருங்க எல்லாரும்!" பிரேக் மேசையைத் தட்டினார். "மூணாம் தேதி இவங்க ஒண்ணை வச்சிருக்காங்க. நீங்க அதைப் பிடிக்கல. வச்சதையே பிடிக்காத வலையில வேற ஒண்ணு சிக்குச்சுன்னா யார் நம்புவா? முதல்ல அந்த மூணாம் தேதியைப் போடுங்க."

போட்டார்கள். திரையில் என் கருந்துளை வந்தது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போய் எரிந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சோம்பலாக அணைந்தது.

முதலில் சிரித்தது நாத்தனார்தான். சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டாள். "அண்ணி! தலைகீழா வச்சிருக்கீங்க அண்ணி! உங்க கருந்துளை வெடிச்சு முடிச்சிட்டு அப்புறமா வாழுது!"

பார்த்தேன், அப்படியே இருந்தது. எங்கள் சூத்திரத்தில் சாவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்றுதான் கணக்கு ஓடும், அது குறைந்துகொண்டே வரும். தொட்டிகளின் கடிகாரமோ முன்னோக்கி ஓடும். ஒன்றை இன்னொன்றில் ஏற்றும்போது ஒரு கழித்தல் குறி போட்டுத் திருப்ப வேண்டும். அந்தக் குறியை நான் போடவில்லை. ரகசிய வேலை, என் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு ஆள் கிடையாது. காலத்தையே திருப்பிப் போட்டுவிட்டு, பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் இதைப் பார்த்தேன். மின்னல் வெட்டி ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன்" என்றார் தொட்டிக்காரர்.

"எந்தக் கருந்துளை இப்படிச் சாகும்? அதான் புரோகிராம் தூக்கிப் போட்டுடுச்சு" என்றாள் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிரேக் சிரிக்கவில்லை. என்னை அங்கேயே உட்கார வைத்துக் குறியைப் போடச் சொன்னார். நாத்தனாரின் புரோகிராமில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், திருத்திய என் போலியை உள்ளே விட்டு ஓட்டினார். அது கபாலென்று பிடித்துக்கொண்டது. வலை நல்ல வலைதான்.

"இன்னும் யாரும் குதிக்கக் கூடாது" என்றார் பிரேக். ஆனால் அவர் குரல் ஒரு நிலையில் இல்லை. "செயற்கைக்கோள்காரங்களுக்குக் கேட்டு அனுப்புறேன். அந்த நொடி, அந்தத் திசைல அவங்க கண்ணுல ஏதாவது பட்டுச்சான்னு. பதில் வர்ற வரைக்கும் வெளியே போய் நில்லுங்க."

நாத்தனாரின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். படியில் உட்கார வைத்தேன். அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது.

"என்னோடதுதான்னு நெனச்சேன்டி. இந்த வாரம் பூரா. நீ வேலையை விடுறதைப் பார்த்துக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன். என்னை மன்னிச்சிடு."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க அப்படி நெனக்கிறீங்கன்னு. 'எனக்கென்ன தெரியும் அத்தை'ன்னு சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. நீங்க ஒரே வாக்கியத்துல நிறுத்தினா அதுக்கு மேல யாராவது துப்புக் கொடுக்கணுமா? துண்டுக்குக்கூடச் சண்டைக்கு வரல. சரி, போலிதான்னு முடிவே பண்ணிட்டேன். அதுக்காக வேலைல எதையும் மாத்தல."

"போலின்னு தெரிஞ்சுமா வேண்டாம்னு எழுதின?"

"ஆமா." கன்னத்தைக் கையால் துடைத்தாள். "ஒரு ராத்திரி பூரா யோசிச்சேன் அண்ணி. அங்க போனா வீடு, நிரந்தர வேலை, எல்லாம் கிடைக்கும். அப்புறம் ஒரு நாள் வேற யாராவது இதைப் பார்ப்பாங்க. நான் பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்குவேன். அதை நெனச்சாலே வயிறு எரியுது. வேலை நீட்டிக்கலைன்னா மலைக்குப் போய்த் தொட்டி கழுவுறேன், வேற எங்கயாவது நிக்கிறேன். ஆனா இதைத் தேடுற இடத்துலதான் நிப்பேன். இன்னிக்கு உங்க பெட்டில பதினேழுன்னு வந்திருந்தாலும் பரவாயில்லைன்னுதான் வந்தேன்."

நான் அவளுக்காக ஒரு வாரமாகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். என்ன மடத்தனம். எனக்கு அவள் மேல் இருந்த மரியாதை அந்தப் படிக்கட்டில் ஒரே தாவலில் ஏறியது. பொறாமையும்தான், மறைப்பானேன்.

கூட்ட அறைக் கதவு படாரென்று திறந்தது. பிரேக்கின் குரல் நடைவழி முழுக்க எதிரொலித்தது.

"அவங்களும் பார்த்திருக்காங்க! அதே நொடி! அதே திசை! எங்க அவ? கூப்பிடுங்க அவளை!"

நாத்தனார் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பரவாயில்லை என்று இந்த நிமிஷம்தான் பெரிய மனுஷி மாதிரிச் சொன்னவள், படிக்கட்டுக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, கால் வரல. அண்ணி, கால் வர மாட்டேங்குது" என்று சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினாள்.

நான் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். "வருதோ வரலையோ, நட" என்று இழுத்துக்கொண்டு ஓடினேன்.